ஜப்பானிய மண்பாண்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்பவை எவை?

பதில்: செத்தோ, தொக்கோனாமே, எச்சிஸென், ஷிகராக்கி, தம்பா, பிஸென். இடைக்காலத்திலிருந்து இன்றுவரை தொழில் நடக்கும் ஊர்கள். ஆறு என்ற கணக்கு மட்டும் புதிது. 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர் கொயாமா ஃபுஜியோ வகுத்தது.

கேள்வி: பிஸென் கிண்ணத்தில் செந்நிறக் கோடுகள் ஓடுகின்றனவே, தூரிகையால் வரைவார்களா?

பதில்: இல்லை, வைக்கோல் செய்யும் வேலை அது. பாண்டங்கள் சூளையில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைக்கோல் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோலின் காரச்சத்து மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து, பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும். இதன் பெயர் ஹிதாசுகி. பிஸெனுக்கு மேற்பூச்சே கிடையாது. நெல்வயலுக்கு அடியில் தோண்டிய களிமண், பைன் விறகு, பத்து நாளுக்கும் மேல் அணையாத தீ, அவ்வளவுதான். பறக்கும் சாம்பல் பாண்டத்தின் தோளில் படிந்து உருகினால் எள் தூவினாற்போல இருக்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: அரிட்டா, இமாரி இரண்டும் ஒரே பீங்கானா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். செய்தது அரிட்டாவில், கப்பலேறியது இமாரி துறைமுகத்தில். ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. 1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் படைகள் கொரியாவில் போர் நடத்தின. அப்போது பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துவந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்ப்யோங் 1616 வாக்கில் இஸுமியாமா மலையில் பீங்கான் செய்ய உதவும் கல்லைக் கண்டார் என்பது அரிட்டாவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் மிங் ஆட்சி கவிழ்ந்து சீனச் சரக்கு தடைப்பட்டதும் டச்சு வணிகர்கள் அரிட்டா பீங்கானை நாடினார்கள். ஹாகி, சத்சுமா பாண்டங்களுக்கும் கொரியக் குயவர்களே மூலவர். இந்தப் பாண்டங்களைப் புகழும்போது அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கேள்வி: ராக்கு பாண்டம் என்றால் சுட்டதும் மரத்தூளில் போட்டுப் புகையேற்றுவதுதானே?

பதில்: அது 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த முறை. கியோத்தோவின் ராக்கு வேறு. 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ செய்தது. சக்கரமில்லாமல் கையாலேயே வனைந்து, செதுக்கி, சிறு சூளையில் சுட்டு, தணலாக இருக்கும்போதே இடுக்கியால் எடுப்பார்கள்.

கேள்வி: புது ஹாகி கோப்பையில் தேநீர் கசிகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. ஹாகி மண் அவ்வளவாக இறுகாது. பூச்சிலும் மயிரிழை வெடிப்புகள் உண்டு. தேநீர் அவற்றில் ஊறி ஊறி ஆண்டுகள் போகப்போக நிறம் மாறும், அதற்காகவே வாங்குபவர்கள் உண்டு. கசிவு தொல்லையானால் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் மெல்லக் கொதிக்கவைத்து அப்படியே ஆறவிடுங்கள், துளைகள் அடைபடும். அப்புறம், ஈரம் முழுதாகக் காயாமல் அலமாரியில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.