அசிஸ்டட் லிவிங்: ராத்திரி டியூட்டியில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. அப்பா போனபிறகு சென்னை நங்கநல்லூர் வீட்டில் தனியாக இருக்கிறார். சுகருக்கு இரண்டு வேளை இன்சுலின், பிபிக்கு மாத்திரை. போன மாதம் பாத்ரூமில் விழுந்துவிட்டார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. நான் புனேயில் வேலை பார்க்கிறேன். ஓஎம்ஆர் பக்கம் ஒரு அசிஸ்டட் லிவிங் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே தினமும் என்னதான் செய்வார்கள், நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது பார்த்தார்களா? பிபி மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்களுக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்ப்பார். நங்கநல்லூரிலிருந்து கிண்டி பக்கம்தான், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் இடத்தை மட்டும் மாற்றினால் அங்கேயும் விழுவார்.

சரி, அசிஸ்டட் லிவிங். குளிக்க, உடுத்த, எழுந்து பாத்ரூம் போக, வேளைக்கு மருந்து எடுக்கக் கூட ஆள் இருக்கிற இடம் அது, ஆஸ்பத்திரி இல்லை. காலையில் காபி, பிபி, டிபன், கொஞ்சம் பிசியோ, சாப்பாடு, ஒரு தூக்கம், சாயந்திரம் பஜனையோ கேரம்போர்டோ, எட்டு மணிக்குள் ராச்சாப்பாடு. பகல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இப்படித்தான், சுற்றிக் காட்டுவதும் இதைத்தான். நீங்கள் கேட்க வேண்டியது ராத்திரியைப் பற்றி.

'24 மணி நேரமும் நர்ஸ் உண்டு' என்பார்கள். நர்ஸிங் படித்து நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா, இல்லை வெள்ளைக் கோட் போட்ட அட்டெண்டரா, அவர் எந்த மாடியில் இருப்பார், ராத்திரியில் ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? பதிலை நம்பிவிட்டு வராமல், பாத்ரூமுக்குள் போய் கமோடில் உட்கார்ந்து, அழைப்பு மணியை நீங்களே அழுத்தி எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள், கூச்சமே வேண்டாம். அப்படியே கதவையும் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கிற கதவாக இருந்து, அம்மா கதவோரம் விழுந்துவிட்டால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது நகர்த்துகிற கதவாக இருக்க வேண்டும். கமோட் பக்கத்தில் கைப்பிடி என்று காட்டுவது டவல் கம்பியாக இருந்தால் அது ஆள் எடையைத் தாங்காது.

அடுத்தது இன்சுலின், உங்கள் அம்மா விஷயத்தில் இதுதான் முக்கியம். ஊசி ஏழு மணிக்குப் போட்டுவிட்டு, டிபன் தள்ளுவண்டி மாடி மாடியாக வந்து சேர எட்டரை ஆனால், நடுவில் சுகர் இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. டியூட்டியில் இருக்கும் அட்டெண்டரைத் தனியே கூப்பிட்டு, 'விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா வியர்த்து, உளறினால் என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். சுகர் பார்ப்பேன், விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பேன், நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்று தயங்காமல் சொன்னால் நல்ல இடம். 'மேடத்துக்கு போன் பண்ணுவேன்' என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். மருந்துச் சார்ட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாயந்திரம் நான்கு மணிக்கே ராத்திரி மாத்திரைக்குக் கையெழுத்து விழுந்திருந்தால் வேறு எதையும் பார்க்காமல் கிளம்பி வந்துவிடலாம்.

ஓஎம்ஆர் பக்கம் என்பதால் மழையையும் விட முடியாது. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருக்கிறதா, இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜ் அதில் ஓடுமா என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை மட்டும் மேனேஜரிடம் கேட்காதீர்கள், எதிரே டீக்கடையில் கேளுங்கள்.

பணம்: மாதக் கட்டணத்துக்கு வெளியே டயபர், பிசியோ, தனி ஆள், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது எதெல்லாம் தனி பில், ஜிஎஸ்டி சேர்த்தா, டெபாசிட் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பதும்.

அப்புறம், அம்மாவைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. பல இடங்களில் ஒரு மாதம் தங்கிப் பார்க்க அனுமதிப்பார்கள். அதற்கு அனுப்புங்கள், அதுவரை நங்கநல்லூர் வீட்டை வாடகைக்கு விடாதீர்கள்.