வற்றல் பழத்துக்கு ஈடாகுமா? மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழை வலுத்து மும்பையில் காய்கறி விலை ஏறியதும், ஊரிலிருந்து கொண்டுவந்த வற்றல் டப்பாக்களை நம் வீடுகளில் திறந்துவிடுகிறோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, உணவியல் துறையில் பணிபுரிகிறவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து ஓர் அம்மா: பழம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல் தினமும் சமைத்தால் அந்தக் குறை தீருமா?

தீராது அம்மா. காயை வெயிலில் உலர்த்தும்போது நீரோடு சேர்ந்து வைட்டமின் சி-யின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. ஏனெனில் வெப்பம், வெளிச்சம், காற்று ஆகிய மூன்றுமே அதைச் சிதைக்கக்கூடியவை. இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்களும் நார்ச்சத்தும் வற்றலில் தங்கிவிடுகின்றன என்பதால் அதை வெறும் சக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பழம் தருவதை அது தராது. பழம் என்றாலே ஆப்பிள் என்று நினைப்பதுதான் செலவைக் கூட்டுகிறது. 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 10 மில்லிகிராம்கூட இல்லை. அதே எடைக் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. நம் நாட்டுப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையானது 65 மில்லிகிராம், ஆணுக்கு 80. பாதிக் கொய்யாவே அதற்குப் போதும்.

செம்பூரிலிருந்து ஒருவர்: நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் பழத்தைவிட வற்றலில் இரும்புச்சத்து பல மடங்கு என்கிறார்களே?

எண் சரியாக இருக்கலாம், ஒப்பீடுதான் தவறு. பெரும்பாலான காய்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால், ஒரு கிலோ காய் காய்ந்து நூறு கிராமைச் சற்றே தாண்டி நிற்கும். ஒரு வேளைக்கான வற்றல் குழம்பில் நம் இலைக்கு வருவது பத்து கிராம் அளவே. பழத்தையோ நூறு கிராம் எளிதாகச் சாப்பிடுகிறோம். எனவே தட்டில் விழும் அளவை வைத்தே ஒப்பிடுங்கள்.

அதே வாசகர்: என் மகளுக்கு இரத்தசோகை. சுண்டை வற்றல் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையை அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் ஈர்ப்பு கூடும். ஆகவே சுண்டை வற்றல் குழம்புச் சோற்றோடு சில கொய்யாத் துண்டுகளையும் கொடுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். இதை நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முலுண்டிலிருந்து: அப்பாவுக்கு இரத்த அழுத்தம். மோர் மிளகாய் இல்லாமல் சாப்பிட மாட்டார்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோரிலும் உப்பிலும் ஊறிக் காய்ந்த வற்றல் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். உப்பிடாமல் காயவைத்த வற்றலை வாங்கிப் பழக்குங்கள்.

தாராவியிலிருந்து: மழைக்காலத்தில் வற்றலில் பூசணம் பிடிக்கிறது. துடைத்து வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. சில பூசணங்கள் உண்டாக்கும் நச்சு வெயிலுக்கோ எண்ணெயில் பொரிப்பதற்கோ முழுதாக அழிவதில்லை. பூசணம் கண்ட டப்பாவை அப்படியே கொட்டிவிடுங்கள். அடுத்த முறை மார்ச், ஏப்ரல் வெயிலில் ஒடித்தால் முறியும்வரை காயவைத்து, காற்றுப் புகாத புட்டிகளில் சிறிது சிறிதாகப் பிரித்து வையுங்கள்.