பெரட்டுக்களம் வீட்டுக்குள் வேண்டாம்: கணவர்களும் தகப்பன்மாரும் கேட்டவை

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்கள் எழுதியவை. இந்தக் கேள்வி-பதில் பகுதி தொடங்கிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை என்பதால், வழக்கத்தை விடக் குறைந்த கேள்விகளை எடுத்து, அவற்றுக்குக் கூடிய இடம் கொடுத்திருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன். தலைப்பில் உள்ள பெரட்டுக்களம், தோட்டத்தில் விடியக்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்.

கேள்வி: என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. 12 வயது மகளும் 8 வயது மகனும் என்னோடு இருக்கிறார்கள். சமையல், துவையல் எல்லாம் நான்தான். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) ஆட்களின் கண்ணில் படக்கூடாது என்று விடியுமுன் இருட்டோடு பீலிக்கரைக்கு (தண்ணீர் பீலி உள்ள இடத்துக்கு)ப் போய் உடுப்புத் துவைக்கிறேன். அப்படியும் "பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்" என்கிறார்கள். பின்னேரம் ஆனால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. இரவு எட்டரைக்கு அவளை அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் சண்டையில்தான் முடிகிறது. ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தப் பீலிக்கரைதான் என் கண்ணுக்குள் நின்றது. பனி கொட்டும் நேரத்தில், விரல்கள் விறைத்துப்போக, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைக் கல்லில் தேய்க்கிற ஒரு தகப்பன், அந்த வேலையை ஒரு திருட்டைப்போல மறைத்துச் செய்யவேண்டியிருப்பது பெரிய அநியாயம்.

முதலில் ஊர்ப்பேச்சை எடுத்துக்கொள்வோம். மனைவியின் உழைப்பில் சாப்பிடுவது நம் லயங்களுக்கு என்றைக்குப் புதிதாக இருந்தது? கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து அறுவடைக்கு வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப்போன ஆண்களே அதிகம். 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட பிறகு, கோப்பியும் நோயில் அழிந்துபோன பிறகு, நிலைமை மாறியது; தேயிலைக்கு வருடம் முழுவதும், ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவை, அதே மலையில் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோரைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயங்களில் வைத்தார்கள்; கொழுந்து எடுத்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அப்படி அவள் எடுத்த கொழுந்துக்கான சம்பளத்தைச் சம்பள நாளில் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவது பல தோட்டங்களில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்தக் காசில் அரிசி வாங்கியவர்களை யாரும் கேலி செய்யவில்லை. இன்று வேலை செய்யும் இடம் கடல் கடந்து போய்விட்டது, காசும் அவள் பெயரிலேயே வருகிறது. வேறு எதுவும் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபின், எல்லோரும் பார்க்கும்படி, உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு பீலிக்குப் போய்த் துவையுங்கள். முதல் நாள் பேசுவார்கள், நாலாம் வாரம் அலுத்துப்போகும்.

அடுத்தது தொலைபேசி. குவைத்தின் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. நீங்கள் அழைக்கும் எட்டரை மணி அங்கே மாலை ஆறு மணி. வீட்டு வேலைக்குப் போனவர் அந்த நேரத்தில் அனேகமாக அடுக்களையில் நிற்பார், தொலைபேசியைத் தொடவும் அனுமதி இருக்காது. அவர் எடுக்காததை அலட்சியம் என்று எண்ணி, அதற்குள் ஒரு கிளாஸ் குடித்து, பிறகு கிடைக்கும் ஐந்து நிமிடத்தையும் ஏசித் தீர்க்கிறீர்கள். எந்த நேரம் வசதி என்று அவரிடமே கேளுங்கள். பேச முடியாத நாட்களில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். அதில் காசைப் பற்றிப் பேசாமல், மகன் அன்று என்ன சொன்னான், மகள் என்ன சமைத்துப் பார்த்தாள் என்று சொல்லுங்கள். "நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்பதையும் ஒரு நாள் சொல்லுங்கள். உங்கள் கோபத்துக்குள் இருப்பது அந்த வாக்கியம்தான் என்று நான் நினைக்கிறேன்.

குடியைப் பற்றி மட்டும் மிகவும் கவனமாகக் கேளுங்கள். தினமும் குடிக்கிற ஒருவர் சாமி மேல் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, சித்தப்பிரமை கூட வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிற நிலை இருந்தால், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மருந்தின் துணையோடு படிப்படியாக நிறுத்தலாம். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் மகள் பெரியவளாகும் வயதில் இருக்கிறாள். அவளுடைய அத்தையையோ உங்கள் பகுதி மருத்துவமாதுவையோ முன்கூட்டியே அவளிடம் பேசவையுங்கள். மாதவிடாய்க்குத் தேவையான நாப்கின் பொதியை நீங்களே கடையில் வாங்கி, எங்கே இருக்கிறது என்று அவளிடம் காட்டி வையுங்கள். அம்மா இல்லாத வீட்டில் அன்றைக்கு அவள் பயந்து நிற்கக்கூடாது.

கேள்வி: என் கணவர் அடிப்பார். பிறகு அழுது, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். இது மனநோயா? அவரை எப்படித் திருத்துவது?
– வாசகி, கொட்டகலை

பதில்: சகோதரி, அவர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணியை அடித்திருக்கிறாரா? கடைக்கார முதலாளியை? இல்லையென்றால், யார் மேல் கை ஓங்கலாம், யார் மேல் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. கையை அடக்கத் தெரிந்தவர் உங்களிடம் மட்டும் அடக்காமல் இருக்கிறார். அவருக்கு மனக்கஷ்டம் இருக்கலாம், அதற்கு வைத்தியமும் இருக்கிறது. ஆனால் அவரைத் திருத்தும் வரை அடி வாங்கிக்கொண்டிருப்பது உங்கள் கடமை ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தை இன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்த தடவை அவர் கை ஓங்கினால் பிள்ளைகளோடு எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்து, அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் அங்கே கொடுத்து வையுங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன், மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவேன். குழந்தைக்கு எட்டு மாதம். நான் தூக்கினால் வீறிட்டு அழுகிறது. எனக்கும் பாசம் வரவில்லை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நித்திரை இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பிள்ளையோடு இருந்தால் கூட்டாளிகள் "பொம்பளை மாதிரி" என்கிறார்கள்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, எட்டு மாதக் குழந்தை புது முகத்தைக் கண்டு அழுவது அதன் வளர்ச்சியின் அடையாளம். தன்னை வளர்ப்பவர் யார், மற்றவர் யார் என்று பிரித்தறிய அது கற்றுக்கொண்டுவிட்டது. மாதத்தில் இருபத்தெட்டு நாள் காணாத உங்களை இன்னும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாயின் மடியிலிருந்து பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தாயோடு பேசிக்கொண்டிருங்கள். குழந்தை தானாகக் கை நீட்டும். பிறகு குளிப்பாட்டுவதையும் ஒரு வேளை சோறு ஊட்டுவதையும் உங்கள் வேலையாக்கிக்கொள்ளுங்கள். பாசம் அந்த வேலைகளின் வழியாகத்தான் ஊறும். அது வந்தபின் தூக்கலாம் என்று காத்திருந்தால் வராது.

கூட்டாளிகளுக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 600க்கு மேற்பட்ட ஆண்களை 2005 முதல் 2009 வரை கவனித்து, 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தகப்பனான ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனின் அளவு இறங்கியது தெரியவந்தது. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடம்பே பிள்ளை வளர்ப்பதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால், அதை ஆண்மைக் குறைவு என்று யார் சொல்லமுடியும்?

நித்திரையின்மையையும் எரிச்சலையும் மட்டும் சாதாரணமாக விடமாட்டேன். பிள்ளை பிறந்த முதல் வருடத்தில் தாய்க்கு மட்டும்தான் மனச்சோர்வு வரும் என்று நினைக்கிறோம். தகப்பன்மாரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. ஆண்களிடம் அது பெரும்பாலும் கோபமாகவும், குடியாகவும், காரணம் தெரியாத உடம்பு வலியாகவும்தான் வெளியே தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஆண்கள் அழலாமா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தே நம்மை வளர்த்தார்கள். ஆனால் மாசி மாதம் காமன் கூத்துக்குப் போய்ப் பாருங்கள். மன்மதன் எரிந்தபின் ரதியின் வேடம் கட்டியவர் புலம்புகிறார். காலங்காலமாக அந்த வேடத்தைக் கட்டியவர்கள் ஆண்கள். சுற்றி நிற்கிற தகப்பன்மாரும் தாத்தாமாரும் கம்பளியால் கண்ணைத் துடைப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வேடத்துக்குள் அழலாம், வீட்டுக்குள் கூடாது என்பது என்ன நியாயம்? இந்த நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தம் கஷ்டத்தைச் சொல்ல ஒருவராவது இருந்திருப்பார்? அழுங்கள் தம்பி. உயிரை விடும் எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், மேலே சொன்ன 1926ஐ இன்று இரவே அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கஷ்டப்பட்டு உழைக்கிறார். ஆனால் மகன் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவனோடு பேசுவதில்லை; பேசினால் ஏசுகிறார். மகன் இரவுச் சாப்பாட்டைக் கோப்பையோடு வெளியே எடுத்துப்போகிறான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறேன்.
– வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: உங்கள் கடிதத்துக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் பதில் எழுதமுடியாது.

அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மழை நாட்களில் நான் பாடசாலை விட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தால் கால் முழுவதும் அட்டை ஏறியிருக்கும். அப்பா குப்பி விளக்கைக் கீழே வைத்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, சுண்ணாம்பைத் தொட்டு வைப்பார். அட்டை சுருண்டு விழும். கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் அப்போது என் தோலில் பட்டதும் தெரியாது. கடைசி அட்டையும் விழுந்ததும், "குறுக்கால வராதேன்னு எத்தனை தரம் சொல்றது!" என்று ஏச ஆரம்பித்துவிடுவார். அந்த ஏச்சைத்தான் நான் பல வருடம் நினைவில் வைத்திருந்தேன். அந்த விரல்கள் நினைவுக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிழை கண்டால் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழும், திருப்பிக் கேட்டால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். நாள் முழுவதும் வாயை மூடி நின்ற மனிதனுக்குச் சத்தம் போட மிஞ்சியிருந்த இடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையான காம்பரா ஒன்றுதான். அதிகாரம் என்றால் அப்படித்தான் பேசும் என்று அவர் கண்டு பழகியிருந்தார், அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். நம் ஆண்கள் கண்டிப்பு என்றும் குடும்பத் தலைமை என்றும் நினைக்கிற பலவற்றை நான் உற்றுப் பார்க்கும்போது, அங்கே தோட்டத் துரையின் குரல்தான் கேட்கிறது. அந்தக் குரலை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பயம் என்று நினைக்கிறேன். கணிதத்தில் சித்தியில்லாததால் உயர்தரத்துக்குப் போக முடியாமல் போய், மகனும் மலைக்கோ கொழும்புக் கடைக்கோ போய்விடுவான் என்கிற பயம். அந்தப் பயத்தை மகனிடம் அப்படியே சொல்லலாம். பரீட்சையை மறுபடியும் எழுதலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கை வேலையில் இருந்தால்தான் வாய் திறக்கும். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸோ கிழங்கோ போட்ட பாத்தி இருந்தால், ஒரு மண்வெட்டியை மகனிடம் கொடுத்து இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். அங்கே அவர் சொல்லவேண்டியது, "அன்றைக்கு அளவுக்கு மீறி ஏசிப்போட்டேன்" என்பது மட்டும். அதற்குப் பின்னால் "ஆனால் நீயும்" என்று தொடங்கினால், சொன்னதும் வீணாகிவிடும்.

மகன் அன்று பதில் சொல்லமாட்டான். மண்ணையே பார்த்துக்கொண்டு கொத்துவான். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றான் என்றால், மறுநாளும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இரவில் அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனால், அவரும் தன் கோப்பையோடு போய்ப் படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.