வெள்ளாட்டுக் குடற்புழு: கேள்வி பதில்

கேள்வி: தீனிக்குக் குறைவில்லை, கழிச்சலும் இல்லை. ஆனாலும் ஐந்து மாதக் குட்டிகள் எடை ஏறவில்லை. புழுவாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு நாலாம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும். இதற்குக் கழிச்சல் வராது, புழுக்கை உருண்டையாகவே விழும். ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. சதை வைக்க வேண்டிய புரதம் அதை ஈடுகட்டவே சரியாகிவிடும். கீழ் இமையை மெல்ல இழுத்து வெயிலில் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் புழு மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் கொடுங்கள். தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆல்பெண்டசோல் கொடுத்தும் பலனில்லை. போலி மருந்தா?

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். வெள்ளாட்டின் ஈரல் இம்மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடும். செம்மறி அளவு அதற்குப் போதாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் தேவை. 2.5 சதவீத மருந்தில் மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. எடையைக் கண்மதிப்பில் குறைத்துப் போடுவதுதான் வழக்கமான தப்பு. அரைகுறை அளவில் தப்பிய புழுவே அடுத்த தலைமுறைக்கு முட்டையிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயோரமாக நுழைத்து, நாக்கின் பின்பக்கம் மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் புரையேறும். சினையின் முதல் மாதத்தில் இம்மருந்து கூடாது.

அளவு சரியாக இருந்தும் பலனில்லையா? மருந்து கொடுக்கும் நாளிலும் 14 நாள் கழித்தும் அதே பத்து ஆடுகளின் புழுக்கையில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால், புழுவுக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி வந்துவிட்டதாகச் சந்தேகிக்க வேண்டும். ஃபென்பெண்டசோலுக்கு மாறிப் பயனில்லை, அதுவும் இதே குடும்பம். லெவமிசோல் வேறு வகை. ஆனால் அளவு மீறினால் விஷம், மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கொருமுறை மொத்த மந்தைக்கும் கொடுக்கலாமா?

பதில்: என்னைக் கேட்டால் வேண்டாம். மந்தையில் சில ஆடுகளே பெரும்பாலான புழுவைச் சுமக்கும். மழை தொடங்கி மூன்று வாரத்திலிருந்து இமை பார்த்துக் கொடுங்கள். குட்டி போட்ட தாய்களை முதலில் பாருங்கள். பனி ஈரம் காயும்வரை மேய்ச்சலுக்கு விடாதீர்கள்.

கேள்வி: புழுக்கையில் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக இருக்கிறதே?

பதில்: நாடாப்புழுத் துண்டு. பார்க்கத்தான் பயம், ஹீமாங்கஸ் அளவுக்குக் கெடுதல் செய்யாது.

கேள்வி: ஒரு மாதக் குட்டிக்கு ரத்தக் கழிச்சல். என்ன புழு மருந்து?

பதில்: இந்த வயதில் பெரும்பாலும் காக்சிடியா, அதாவது குடலைத் தாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புழு மருந்து அதற்குக் கேட்காது. புழுக்கையைப் பரிசோதித்து மருந்து வாங்குங்கள். கொட்டில் தரையை உடனே காயவிடுங்கள்.