இங்கிலாந்தில் எம்.எஸ்சி.: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: மகளுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே பணமில்லாமல் துறைகளையே மூடுகிறார்கள் என்று செய்தி வருகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இப்படி நடக்குமா? முன்பணம் கட்டலாமா?

பதில்: நடக்கும். அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பொது நிறுவனங்கள்போலத் தெரிந்தாலும், சட்டப்படி தனித்து இயங்குபவை. பற்றாக்குறை விழுந்தால் அரசு ஈடுகட்டும் என்ற உத்தரவாதம் கிடையாது.

உள்நாட்டு இளங்கலை மாணவருக்கான கட்டண உச்சவரம்பை 2012இல் 9,000 பவுண்டாக உயர்த்தினார்கள். 2017இல் அது 9,250 ஆனது. 2025 வரை அப்படியே நின்றது. விலைவாசி நிற்கவில்லை. எத்தனை உள்நாட்டு மாணவர்களைச் சேர்க்கலாம் என்ற வரம்பையும் 2015இல் எடுத்துவிட்டார்கள்; அவர்களைப் பிடிக்கப் போட்டி கூடியது. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கோ உச்சவரம்பே இல்லை. அப்புறம் என்ன, பல நிர்வாகங்கள் நம் பிள்ளைகளின் பணத்தை நம்பி பட்ஜெட் போட ஆரம்பித்தன. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று விதி வந்ததும் அந்த வருமானம் ஆட்டம் கண்டது.

துறையை மூடும் முடிவு பேராசிரியர்கள் கையில் இல்லை. துணைவேந்தர் ஒரு தலைமை நிர்வாகி போலச் செயல்பட வேண்டும் என்று, பல்கலைக்கழக நிர்வாகத்தை ஆராய்ந்த ஜாரட் குழு 1985இலேயே பரிந்துரைத்தது. இன்று ஆட்சிக் குழுக்களில் வெளியாட்களே பெரும்பான்மை; வணிகம், நிதி, சட்டத் துறைகளிலிருந்து வருபவர்கள் பலர். கென்ட் பல்கலைக்கழகம் 2024இல் தத்துவம், மானுடவியல், கலை வரலாறு உள்ளிட்ட பாடங்களைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு பாடத்தின் மதிப்பை அதில் சேரும் தலைகளை எண்ணி முடிவு செய்வது எனக்குச் சம்மதமில்லை.

எல்லா நாடும் இதே வழியில் போகவில்லை. ஜெர்மன் மாநிலங்கள் சில 2006 வாக்கில் கொண்டுவந்த பொதுக் கட்டணத்தை 2014க்குள் எல்லாமே கைவிட்டன. டென்மார்க்கில் உள்நாட்டு மாணவருக்குக் கட்டணமே இல்லை. ஆனாலும் 2003 சட்டம் வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள ஆட்சிக் குழுவைக் கொண்டுவந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஆண்டு நிதி அறிக்கை இருக்கும். கட்டண வருமானத்தில் வெளிநாட்டு மாணவர்களின் பங்கு எவ்வளவு, கையிருப்பு எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஒழுங்குமுறை அமைப்பான ‘ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்’, கையிருப்பு 30 நாள் செலவுக்குக் கீழே போகும் என்று தெரிந்தாலே தனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. தணிக்கையாளர் ‘தொடர்ந்து இயங்குவதில் நிச்சயமின்மை’ என்று எழுதியிருந்தால் வேறு இடம் பாருங்கள். பாடம் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பது ‘மாணவர் பாதுகாப்புத் திட்டம்’ என்ற ஆவணத்தில் இருக்கும். அதையும் தேடிப் படியுங்கள்.

ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே அவருக்குக் கமிஷன் தருகிறது. சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் மகளே மின்னஞ்சல் எழுதட்டும்: இந்தப் பாடம் இப்போது மறுஆய்வில் இருக்கிறதா, தொடங்கும் முன் ரத்தானால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.