டியூயி தோற்றுவிட்டாரா?

கேள்வி: பி.எட். படிக்கிறேன். ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும், பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டியூயியின் முற்போக்குக் கல்வியை அமெரிக்காவே கைகழுவிவிட்டது என்கிறார் எங்கள் விரிவுரையாளர். அப்புறம் நாங்கள் எதற்கு அதை விழுந்து விழுந்து படிக்க வேண்டும்?
- வாசகி, விழுப்புரம்

பதில்: அவர் சொல்வது பாதி சரி. 1957-ல் ஸ்புட்னிக்கைப் பார்த்துப் பதறிய அமெரிக்கா, அடுத்த வருஷமே சட்டம் போட்டுக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பணத்தைக் கொட்டியது. ஆனால் முற்போக்குக் கல்விச் சங்கம் 1955-லேயே கடையைக் கட்டிவிட்டது. அதற்கு ரஷ்யாவைக் குறை சொல்ல முடியாது.

டியூயி பெயரில் ஆளுக்கொரு சரக்கு விற்றதுதான் வினை. 1896-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சுவேலை பார்த்தார்கள். விளையாட்டுக்காக இல்லை. ஒருநாள் பருத்திக்காயைக் கொடுத்துக் கையாலேயே கொட்டை நீக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் மாய்ந்தும் ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. தங்கள் அமெரிக்க முன்னோர்கள் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்பது யாரும் நோட்ஸ் கொடுக்காமலே பிள்ளைகளுக்குப் புரிந்தது. இப்படிக் கற்பிக்க ஆசிரியருக்கு எவ்வளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இதைப் போய் 1945-ல் கிளம்பிய 'வாழ்க்கைக்குத் தயார்படுத்தும்' திட்டத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கல்லூரிப் படிப்பும் வேண்டாம், தொழிற்படிப்பும் வேண்டாம், அன்றாட வாழ்க்கைக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டிய திட்டம் அது. எனக்கு அது பிள்ளைகளை மட்டமாக எடைபோட்ட வேலையாகத்தான் தெரிகிறது. டியூயி 1938-லேயே, பழைய முறையை எதிர்ப்பதே கொள்கை ஆகிவிடாது என்று தன் சீடர்களை ஒரு சிறு புத்தகத்தில் கண்டித்துவிட்டார். பாடநூலில் அவர் சீடர் கில்பாட்ரிக்கின் செயல்திட்ட முறைக்கு, அதாவது பிள்ளைகள் ஒரு வேலையை எடுத்துச் செய்து கற்கும் முறைக்கு, போகுமுன் அந்தப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள், இருவரும் ஒன்றில்லை என்பது விளங்கும்.

தோற்றதா என்று கேட்டீர்கள் இல்லையா, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1930-களில் சுமார் 30 பள்ளிகள் பாடத்திட்டத்தைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள, வழக்கமான நிபந்தனைகளைத் தளர்த்தி அந்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள 300 கல்லூரிகள் சம்மதித்தன. பிறகு 1,475 பேரை, அதே தரத்தில் வழக்கமான பள்ளிகளிலிருந்து வந்தவர்களோடு ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். முற்போக்குப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, மதிப்பெண்ணில் ஒரு பிடி மேலேயே இருந்தார்கள். முடிவுகள் வெளியானது 1942-ல். போர் உச்சத்தில் இருந்த நேரம், யார் படிப்பார்கள்? இந்தச் சோதனைக்கு எட்டாண்டு ஆய்வு என்று பெயர். வகுப்பில் அடுத்தமுறை பேச்சு வந்தால் விரிவுரையாளரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், மரியாதையாகத்தான்.