வாசகர் கேள்விகள்: தண்ணீர் கேட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போகிறோம். போன முறை பாட்டு, நாடகம், ஜெபம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் திரும்பி வந்து யோசித்தால், அந்த ஊர்க்காரர் ஒருவருடைய பெயர்கூட நினைவில் இல்லை. இந்த முறை அவர்களோடு உண்மையாகப் பழக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயர் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டீர்களே சகோதரி, நிறையப் பேர் அதைக்கூடச் சொல்வதில்லை. எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதல் சிக்கல் அந்தப் பன்னிரண்டுதான். ஒன்றாக வேனில் ஏறி, ஒன்றாக இறங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ராத்திரி நமக்குள்ளேயே சிரித்துப் பேசிவிட்டுத் தூங்கப் போனால், அந்த ஊர்க்காரர் உள்ளே நுழைய இடம் எங்கே இருக்கிறது? சாப்பாட்டு நேரத்திலாவது இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். லூக்கா 10-இல் இயேசு எழுபது பேரை அப்படித்தான் அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம், தங்கின வீட்டிலேயே தங்குங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள், முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். இதை ஏதோ தியாகத்துக்கான பயிற்சி மாதிரி நாம் பிரசங்கிக்கிறோம். எனக்கென்னவோ பழகும் வழியே அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது, ஏனென்றால் கையில் ஒன்றும் இல்லாதவன் அடுத்தவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் போவது நேர் எதிராக. பெட்டி நிறைய அன்பளிப்பு, மணிக்கு மணி நிகழ்ச்சி. கொடுப்பவர் நாம், வாங்குபவர் அவர்கள் என்று விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வாங்குகிறவர் நன்றி சொல்வார், போட்டோவுக்கு நிற்பார், மனசைத் திறக்க மாட்டார். சமாரியப் பெண்ணிடம் இயேசு எப்படிப் பேச்சைத் தொடங்கினார் என்று பாருங்கள், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம்கூட இல்லையே என்று அந்தப் பெண் கேட்கிற அளவுக்கு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு இடம், அப்போஸ்தலர் 28. கப்பல் உடைந்து 276 பேர் நனைந்துபோய் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். இன்றைய மால்டாதான் அது என்பது வழக்கமான கருத்து. முதலில் தீவு மக்கள்தான் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள். பவுல் போதிக்கத் தொடங்கவில்லை, விறகு பொறுக்கப் போகிறார். (பாம்பு கடித்த கதையைச் சொல்கிற வேகத்தில் அந்த விறகை நாம் தாண்டிவிடுகிறோம்.) அப்புறம் தீவின் தலைவரான புபிலியு அவர்களை அழைத்து மூன்று நாள் உபசரிக்கிறார். அதற்கும் பிறகுதான் பவுல் அவருடைய தகப்பனுக்காக ஜெபம் பண்ணுகிறார். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். முதல் மூன்று நாள் நிகழ்ச்சி எதுவும் வைக்காமல், அங்குள்ள போதகரிடம் "என்ன வேலை கிடக்கிறது, நாங்களும் கூட வருகிறோம்" என்று கேளுங்கள். நாற்காலி அடுக்குவது, பாத்திரம் தேய்ப்பது, யாரோ ஒருவரோடு சந்தைக்குப் போய் மூட்டை தூக்குவது எதுவானாலும் சரி. கை வேலையில் இருக்கும்போது மொழி அரைகுறையாக இருந்தாலும் பேச்சு வந்துவிடும்.

கேள்வி: அவர்கள் மொழி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அது போதாதா?

பதில்: கூட்டத்தில் பேசப் போதும். பழகப் போதாது. நான் ஒருமுறை ஒரு பெரியவரோடு பேசும்போது முழுக்க மொழிபெயர்த்த தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவரிடம் இதைக் கேளுங்கள்" என்று கேள்வியையும் தம்பியிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியவர் நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இருவரும் சுவாரசியமாகப் பேசினார்கள், நான் வேடிக்கை பார்த்தேன். எதிரில் இருப்பவரைப் பார்த்து அவரிடமே பேசுங்கள், ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். சிலேடையையும் சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களையும் விட்டுவிடுங்கள். "அபிஷேகம்", "பாரம்" என்றெல்லாம் அடுக்கினால் அந்த மொழிபெயர்ப்பாளர் பாவம்.

அதோடு இருபது வாக்கியமாவது கற்றுக்கொண்டு போங்கள். அதில் ஒன்று "இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்பதாக இருக்கட்டும், அதை வைத்தே இன்னும் பல அங்கே தானாகச் சேரும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அதைவிட எனக்குப் பிடித்தது, நம் மக்களிடம் அவர்களுடைய நம்பிக்கை, பழக்கவழக்கம் பற்றிக் கேள்விகளை எழுதிக் கொடுத்து, கடிதங்களாக வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தது. போதிக்க வந்தவர் கேள்வி கேட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த புத்தகத்தை அச்சிட அங்கிருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. 1867-இல்தான் சென்னையில் அது வெளிவந்தது. கேட்டுத் தெரிந்துகொள்வது ஊழியம்தானா என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

கேள்வி: பழகிக்கொண்டே இருந்தால் சுவிசேஷத்தை எப்போது சொல்வது?

பதில்: அவர்கள் கேட்கும்போது. உங்களோடு நாலு நாள் வேலை செய்தவர், எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்ததை அல்ல. ஆனால் ஒன்று, நட்பைத் தூண்டிலாக வைக்காதீர்கள். அவர் "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்ன மறுநாளும் அதே திண்ணையில் போய் உட்காருவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உட்கார மாட்டீர்கள் என்றால் அது நட்பே இல்லை.

சட்டத்தையும் பாருங்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் போய் மதப் பிரசாரம் செய்யக் கூடாது. நேபாளத்தில் 2017-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின்படி மதம் மாற்றினால் ஐந்து ஆண்டுவரை சிறை. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்குப் போய் நிற்பது அங்குள்ள விசுவாசிகள். எதைப் பேசலாம், எங்கே பேசலாம் என்பதை உள்ளூர்ச் சபை சொல்லட்டும், நீங்கள் கேட்டு நடங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு இனிப்பும் பொம்மையும் கொண்டுபோகலாமா? போட்டோ எடுக்கலாமா?

பதில்: கொண்டுபோவதை உள்ளூர்ச் சபையிடம் கொடுத்துவிடுங்கள், தெருவில் நின்று விநியோகிக்காதீர்கள். இரண்டே நாளில் உங்கள் பெயர் மறந்து பை மட்டும் அவர்கள் ஞாபகத்தில் நிற்கும். போட்டோவுக்குப் பெற்றோரிடம் கேளுங்கள். தன் பிள்ளை கிழிந்த சட்டையோடு யாருடைய காணிக்கை அறிவிப்பிலோ வருவதை எந்தத் தாய் விரும்புவாள்?

கேள்வி: கிளம்பும்போது "அடுத்த வருடம் கண்டிப்பாக வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன் அண்ணா. போக முடியாது போலிருக்கிறது. என்ன செய்ய?

பதில்: இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, வர முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள் தம்பி. அப்படியே அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்றும் கேளுங்கள்.